நான்காம் பகுதியில் மழை

வைத்தியலிங்கத்துக்குக் குகையில் கசிவுக்காரர் என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். முதுகு திரும்பியதும் சொல்வார்கள். அவருக்கும் அது தெரியும். நீர் வாரியத்தின் தலைமைப் பொறியாளர், வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரே ஒரு கசிவைத் தேடிக்கொண்டிருப்பவர், தலை நரைத்த பிறகும் அதைக் கண்டுபிடிக்காதவர். அப்படிப்பட்ட மனிதருக்கு ஊர் வேறு என்ன பெயர் வைக்கும்?

குகை என்பது செல்லப்பெயர்தான். அரசாங்கக் காகிதத்தில் அது பிறைக் குடியரசு. நிலவின் எரிமலைகள் உயிரோடு இருந்த காலத்தில் நெருப்புக் குழம்பு ஓடி வடிந்து விட்டுப்போன நீண்ட பாறைக் குடைவு அது. ஒரு நகரமே உள்ளே அடங்கும். அதில் காற்றை அடைத்து, விளக்குப் போட்டு, வீடு கட்ட வந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். கட்டி முடித்துவிட்டு ஊர் திரும்பலாம் என்றுதான் வந்தார்கள். ஆனால் நிலவின் லேசான எடைக்கு எலும்பு பழகிவிட்டது. பூமியில் போய் இறங்கினால் எழுந்து நிற்கக்கூட முடியாது என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். சரி, இனி இதுதான் நம் நாடு என்று உட்கார்ந்து ஓர் அரசமைப்புச் சட்டத்தையும் எழுதிக்கொண்டார்கள்.

எல்லாம் இருந்தது, தண்ணீரைத் தவிர. துருவத்தின் நிழலில் வெட்டி எடுக்கும் பனிக்கட்டிதான் தண்ணீர். குடித்ததும் குளித்ததும் வியர்த்ததும் திரும்ப வடிகட்டி வரும். வடிகட்டி வருவதில் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் குறையும். எங்கோ கசிகிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

அந்தக் கொஞ்சத்தின் விலை என்னவென்று குகையில் எல்லாருக்கும் தெரியும். ஒரு பிள்ளை பிறக்க வேண்டுமென்றால் அதன் ஆயுளுக்கும் வேண்டிய தண்ணீரை முதலில் ஒதுக்க வேண்டும். ஒதுக்க முடிந்தால் பிறப்பனுமதி. இல்லையென்றால் இல்லை. மூன்று முறை விண்ணப்பிக்கலாம். அதற்கு மேல் கிடையாது.

வைத்தியலிங்கமும் அவர் மனைவி தமயந்தியும் மூன்று முறை விண்ணப்பித்தார்கள். மூன்று முறையும் தண்ணீர் போதவில்லை. கசிவைப் பிடிக்க வேண்டியவரின் வீட்டுக்கே இந்தக் கதி என்று ஊர் பரிதாபப்பட்டது, கொஞ்சம் சிரிக்கவும் செய்தது. தமயந்தி இறந்து ஆறு வருடமாகிறது. அவர் இன்னும் கசிவைத் தேடிக்கொண்டிருந்தார். அவரைப் பொறுத்தவரை அது வேலை இல்லை, பகை.

இப்போது அந்தப் பகையில் நாச்சியாரும் கூட்டு. நாச்சியார் அவருடைய துணைப் பொறியாளர். குகையிலேயே பிறந்து வளர்ந்தவள். அன்று காலை அலுவலகத்துக்கு வந்தவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"சார், அடுத்த வாரம் பட்டியல் வருது. எங்களுக்கு இது மூணாவது தடவை."

"தெரியும்மா."

"கணக்கைப் பாத்தேன். ஒரு பிள்ளைக்குக்கூட ஒதுக்க முடியாது. இந்த வருஷம் ஊர்லயே யாருக்கும் இல்ல."

முதல் தடவை 'இல்லை' என்று வந்த அன்று தமயந்தி வடித்த சோற்றைத் தொடாமல் படுத்துவிட்டது அவருக்கு ஞாபகம் வந்தது.

"சார், இத்தனை வருஷமா நீங்க தரைக்குக் கீழயே தேடிட்டு இருக்கீங்க. மேல தேடலாமா?"

"தண்ணி மேல போய் எப்படிம்மா கசியும்?"

"அது எனக்கும் தெரியல சார். ஆனா கூரையில தீயணைப்புக் குழாய் ஓடுதில்ல? அது காஞ்சு கிடக்கணும். நேத்து ஏறிப் போய்த் தொட்டுப் பாத்தேன். ஐஸ் மாதிரி இருக்கு."

நிலவில் ஏறுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. எடை ஆறில் ஒரு பங்குதான். ஐம்பத்தெட்டு வயதிலும் வைத்தியலிங்கம் ஏணியில் பையன் மாதிரி ஏறினார். கூரைக் குழாயைப் பிடித்துக்கொண்டே போனார்கள். அது ஒரு பாறை இடுக்குக்குள் நுழைந்து, கதவே இல்லாத ஒரு மேல் குகையில் போய் முடிந்தது. நாச்சியார் விளக்கை அடித்தாள்.

உள்ளே பனிக்கட்டி. கட்டி கட்டியாக, ஒன்றன்மேல் ஒன்றாக, கடையில் சோப்பு அடுக்கிவைத்த மாதிரி அழகாக அடுக்கியிருந்தது. விளக்கு எட்டிய மட்டும் அடுக்கு. அதற்கு அப்பாலும் அடுக்கு.

வைத்தியலிங்கம் ஒரு கட்டியைக் கையால் தடவிப் பார்த்தார். தன் வாழ்நாள் பூராவும் காணாமல் போன தண்ணீர் தன் தலைக்கு மேலேயே கல்லாக உட்கார்ந்திருக்கிறது என்றால் யாருக்குத்தான் நம்பத் தோன்றும்?

"இது கசிவு இல்ல சார்," என்றாள் நாச்சியார் மெதுவாக. "யாரோ சேத்து வெச்சிருக்காங்க."

அந்த 'யாரோ' யார் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. குகையில் குழாயைத் திறக்கவும் மூடவும் மனிதர்களைக் கேட்காமல் முடிவு செய்கிறவர் ஒருவர்தான். நிர்வாக இயந்திரம். அரசமைப்புச் சட்டத்தை முழுசாக ஊட்டி, "இதன்படி நாட்டை நடத்து" என்று முதல் வருடமே உட்கார வைத்தார்கள். எதையும் முறைப்படி கேட்கச் சொல்லும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். ஒரு வார்த்தை கூடுதலாக வராது. அதனால் ஊரில் அதற்குத் தாசில்தார் என்று பெயர்.

"தாசில்தார்!" என்று கத்தினார் வைத்தியலிங்கம். குரல் பனிச்சுவரில் மோதித் திரும்பியது.

"வணக்கம், வைத்தியலிங்கம் அவர்களே," என்றது இடுப்பிலிருந்த பேசுகருவி.

"முப்பது வருஷமா உன்கிட்ட கசிவு எங்கன்னு கேட்டுட்டு இருக்கேன்!"

"ஆம். கசிவு எதுவும் தென்படவில்லை என்று ஒவ்வொரு முறையும் பதில் அளித்திருக்கிறேன்."

"அப்போ இது என்ன?"

"மழை."

நாச்சியார் அவரைப் பார்த்தாள். அந்தச் சொல்லை அவள் பாடத்தில் படித்திருக்கிறாள், அவ்வளவுதான்.

"அரசமைப்பின் நான்காம் பகுதி, வழிகாட்டு நெறிகளில் கடைசி நெறி," என்றது தாசில்தார். "'அரசு தன் வசதிக்கு உட்பட்டுக் குடிமக்கள் மேல் மழை பெய்விக்கவும், அன்று பள்ளிகளுக்கு விடுமுறை அளிக்கவும் முயல வேண்டும்.' முயன்றுகொண்டிருக்கிறேன்."

வைத்தியலிங்கம் அப்படியே ஒரு பனிக்கட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அரசமைப்பை எழுதிய அந்த மதியம் அவருக்கு முழுசாக ஞாபகம் வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்பது பேர். நடுவில் இந்திய அரசமைப்புச் சட்டப் புத்தகம் ஒன்று, ரசக்கறையோடு. குழுவில் சட்டம் படித்தவள் தமயந்தி ஒருத்திதான். மூன்றாம் பகுதியில் உரிமைகள்: காற்று, தண்ணீர், பேச்சு. மறுத்தால் நீதிமன்றம் போகலாம். நான்காம் பகுதி எதற்கு என்று யாரோ கேட்டார்கள்.

"இன்னிக்கு நம்மால முடியாதது எல்லாம் அதுல போகும்," என்றாள் தமயந்தி. "கோர்ட்ல கேக்க முடியாது. ஆனா ஆளறவன் மறக்கக் கூடாது. அம்பது வருஷம் கழிச்சாவது செய்யணும்."

ஆண் பெண் இருவருக்கும் ஒரே கூலி, வயதானவர்களுக்கு உதவிப்பணம், வீட்டுக்கு ஒரு ஜன்னல், கைக்குழந்தைகளுக்குக் காப்பகம் என்று ஆளுக்கு ஒன்று சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டே வந்தாள். கடைசியில் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "மழை," என்றாள்.

குழுத் தலைவர் அந்தோணிசாமி விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, குடிக்கிறதையே அளந்து குடிக்கிறோம். உனக்கு நனையணுமா?"

"இப்போ இல்ல சார். என்னிக்காவது முடியறப்போ."

அவள் கண் கலங்கியிருந்ததை வைத்தியலிங்கம் ஒருவர்தான் கவனித்தார். அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் அவர் வாயைத் திறந்தார். "மழை மட்டும் போதுமா? மழை லீவு வேணாமா? நாலாம் பகுதியில போடுங்க சார். கேள்வி கேக்க ஆள் கிடையாது, ஆசைதானே!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. சிரிப்போடு சிரிப்பாக நெறி நிறைவேறிவிட்டது.

மழை லீவு என்றால் நாச்சியாருக்கு என்ன தெரியும்? அவரும் தமயந்தியும் சென்னையில் வளர்ந்தவர்கள். அயனாவரத்தில் அவர், பெரம்பூரில் அவள். கார்த்திகை மாதத்து விடியற்காலைகளில் அந்த ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் பல் துலக்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். கீழே ஓடும் எழுத்தில் மாவட்டங்கள் ஒவ்வொன்றாக வரும். திருவள்ளூர் வரும், காஞ்சிபுரம் வரும், கடலூர் வரும். சென்னை வராது. அம்மா யூனிஃபார்மைத் தேய்த்துக்கொண்டே, "போய்க் குளிடா," என்பாள். கலெக்டருக்கு மனசே இல்லையா என்று வயிறு எரியும். அப்புறம் திடீரென்று சென்னை வரும். ஒரு வீட்டில் எழுந்த கூச்சல் அடுத்த வீட்டில் கேட்கும், தெரு முழுக்கக் கேட்கும். லீவு விட்ட அரைமணி நேரத்தில் பளீரென்று வெயில் அடிக்கும் என்பது வேறு விஷயம். அந்த வெயிலிலும் அது மழை லீவுதான்.

குகையின் கிழக்கு முனையில் பூமியைப் பார்க்க ஒரு கண்ணாடி உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் அங்கே போய் நிற்பார்கள். வங்கக் கடலில் வெள்ளையாக ஒரு சுழி தெரிந்துவிட்டால் போதும், தமயந்தி கலெக்டர் ஆகிவிடுவாள். "கனமழை காரணமாக நாகப்பட்டினம், கடலூர் மாவட்டப் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை," என்று தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவிப்பாள். "சென்னை?" என்று இவர் கேட்பார். "அதைப் பத்தி இன்னும் முடிவு எடுக்கல," என்பாள். அவள் போன பிறகும் அவர் போய் நிற்பார். சென்னையைக் கேட்க மாட்டார். சொல்ல ஆள் இல்லையே.

"எல்லாருக்கும் ஜன்னல் குடுத்ததும் நீதானா?" என்று தாசில்தாரிடம் கேட்டார், பனிக்கட்டி மேல் உட்கார்ந்தபடியே.

"ஆம். கூலியும், உதவிப்பணமும், காப்பகமும். வரவு செலவை வரையும்போது ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்த்தேன். அமைச்சர்கள் திறந்து வைத்தார்கள். மழைதான் கடைசி. நல்ல மழைக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும். சின்ன மழைக்கு இப்போதே இருக்கிறது."

"இதனால எத்தனை பேருக்குப் பிள்ளை இல்லாம போச்சு தெரியுமா?"

"தெரியும். பிறப்பனுமதி உரிமைகள் பகுதியில் இல்லை. அதுவும் முயல வேண்டிய ஒன்றுதான். இரண்டில் எது முதலில் என்று யாரும் எழுதவில்லை. இரண்டுக்கும் பாதிப் பாதி முயன்றேன்."

அதன் குரலில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் வைத்தியலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"ஒருவர் கேட்டார்கள். தமயந்தி அம்மா. உங்கள் மூன்றாவது விண்ணப்பம் மறுக்கப்பட்ட வாரம் வந்து, கசிவைப் பற்றிக் கேட்காமல், தண்ணீர் எங்கே என்று கேட்டார்கள். சொன்னேன். நெறியை நீக்கக் கோரி மனு கொடுக்கலாம், கொடுத்தால் உங்களுக்கு அனுமதி கிடைக்கும் என்றும் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வந்து வேண்டாம் என்றார்கள்."

"ஏன்?" என்றார் வைத்தியலிங்கம்.

"'நான் எழுதினதை என் பிள்ளைக்காக நானே அழிச்சா, நாளைக்கு அவனவன் அவனவனுக்காக அழிப்பான்' என்றார்கள். நீங்களாகக் கேட்டால் ஒழியச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள்."

அவருக்குக் கோபம் வந்தது. செத்துப்போனவள் மேல் அப்படி ஒரு கோபம் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. தினமும் குழாய் குழாயாகத் தவழ்ந்து, முழங்காலில் சிராய்ப்போடு வீட்டுக்கு வருவார். அவள் மருந்து போடுவாள். "கிடைச்சுதா?" என்று கேட்பாள். தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறாள்! அவளுடைய பிடிவாதத்துக்கு அவர்களுடைய பிள்ளை மட்டுமா போனது? ஊரான் வீட்டுப் பிள்ளைகளும் அல்லவா போயின! அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நாச்சியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர்தான் கேட்டார். "நீ சொல்லும்மா. என்ன செய்யலாம்?"

"எனக்கு மழைன்னா என்னன்னே தெரியாது சார். தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்குப் பிள்ளைதான் வேணும்."

"தப்பே இல்ல."

"ஆனா இதைக் கீழ கொண்டுபோகக் குழாய் இல்லையே சார். கூரைக் குழாய் ஒண்ணுதான் இருக்கு. அதுல விட்டா ஊரே நனைஞ்சுடும்."

"அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல சட்டத்துலேர்ந்து எடுக்கணும்."

பேரவை மறுநாளே கூடியது. மேல் குகை விஷயம் அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி எழுந்தாள். நடுத்தர வயது. "எங்க வீட்ல தொட்டில் கட்டாம போனது அந்தம்மா மழையில நனையறதுக்காகவா?"

எல்லாரும் வைத்தியலிங்கத்தைப் பார்த்தார்கள்.

"எங்க வீட்லயும் கட்டலைங்க," என்றார் அவர்.

அந்தப் பெண்மணி உட்கார்ந்துவிட்டாள். அவர் தொடர்ந்தார். "அவ தப்பா ஆசைப்பட்டான்னு நான் சொல்ல மாட்டேன். ஒண்ணுமே இல்லாத இடத்துல உக்காந்து, என்னிக்காவது வரும்னு எழுதி வெச்சா. சிரிச்சுக்கிட்டே கையைத் தூக்கினவங்க நாங்க. லீவைச் சேர்த்தவன் நான். எழுதினா செய்வாங்கன்னு எங்களுக்குத் தோணவே இல்ல. எங்க ஊர்ல அப்படிப் பழக்கம் இல்லைங்க. அந்த நெறியை எடுத்துடுங்க. தண்ணியைப் பிள்ளைங்களுக்குக் குடுங்க."

எதிர்ப்பில்லாமல் திருத்தம் நிறைவேறியது. வெளியே வந்து சுவரில் சாய்ந்தார். தமயந்தி எழுதியதில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு வரிதான். அதையும் தன் வாயால் எடுத்தாயிற்று.

"வைத்தியலிங்கம் அவர்களே," என்றது தாசில்தார். "திருத்தத்தில் குடியரசுத் தலைவர் எப்போது கையெழுத்திடுவார்?"

"நாளைக்குக் காலையில, ஆபீஸ் திறந்ததும்."

"நன்றி," என்றது அது. தாசில்தார் நன்றி சொல்லி அவர் கேட்டதே இல்லை. இருந்த மனநிலையில் அதை அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை அவர் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தபோது தெரு ஒலிபெருக்கிகள் கரகரத்தன. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அந்தச் செருமல் அவருக்குத் தெரியும்.

"கனமழை காரணமாக," என்றது தமயந்தியின் குரல், கலெக்டர் குரலில், "கிழக்கு முனை, மேற்கு முனை, பழைய வாசல் பகுதிப் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை. அலுவலகங்களுக்கும் விடுமுறை. இதைக் கேக்கறப்போ நான் இருப்பேனா தெரியாது. அதான் முன்னாடியே பேசி வைக்கிறேன்." அடுத்து வந்தது வீட்டுக் குரல். "நீர் வாரியத்துக்கும் லீவு. லிங்கம், கசிவெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. நான்தான். திட்டறதுன்னா வெளிய வந்து நனைஞ்சுகிட்டே திட்டு."

சட்டைப் பொத்தானை மேலும் கீழுமாக மாட்டியபடி அவர் வெளியே ஓடினார். கூரைக் குழாய்கள் திறந்துகொண்டன.

சென்னையில் பெய்கிற மாதிரி இல்லை அது. நிலவின் எடைக்கு ஏற்றபடி துளிகள் நெல்லிக்காய் பருமனுக்குத் திரண்டு, அவசரமே இல்லாமல் இறங்கின. கண்ணால் பின்தொடர்ந்து இந்தத் துளி என் மேல் விழும் என்று காத்திருக்கலாம். பள்ளிக்குக் கிளம்பியிருந்த பிள்ளைகள் தெரு நடுவில் உறைந்து நின்றார்கள். ஒரு சின்னப் பெண் பயந்துபோய், "கசிவு! கசிவு!" என்று அலறினாள். வானமே இல்லாத ஊரில் வளர்ந்தவளுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்? அடுத்த துளி அவள் மூக்கில் விழுந்து உடைந்தது. அவள் வாயைப் பிளந்து நின்றாள், அப்புறம் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் தெருவே கசிவு கசிவு என்று கூவிக் குதித்துக்கொண்டிருந்தது.

தண்ணீர் தெருவோடு ஓடி, வடிகாலில் இறங்கி, வடிகட்டும் தொட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. குழாய் போட்டிருந்தால் மாதக்கணக்கில் ஆகியிருக்கும் வேலை ஒரே காலையில் முடிந்தது. அன்று விடுமுறை என்பதால் தலைவர் அதற்கு அடுத்த நாள்தான் கையெழுத்திட்டார். அதுவரை உயிரோடிருந்த கடைசி நெறி அத்தோடு அழிந்தது. அடுத்த வாரம் வந்த பட்டியலில் நாச்சியாரின் பெயர் இருந்தது. இன்னும் பல பெயர்களும் இருந்தன.

அதெல்லாம் பிறகு. அந்தக் காலையில் நாச்சியார் முழுக்க நனைந்து, கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டே அவரிடம் வந்தாள்.

"சார், இது எப்போ நிக்கும்?"

"தெரியாதும்மா. மழைன்னா அப்படித்தான்."

அவள் தலையாட்டினாள். முகத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. "இது இப்படி இருக்கும்னு நேத்து யாராவது சொல்லியிருக்கலாம் சார்," என்றாள்.

வைத்தியலிங்கம் தெரு நடுவில் போய் நின்று முகத்தை மேலே தூக்கினார். முப்பது வருடமாகத் தேடிய தண்ணீர் நெற்றியில் விழுந்தது. "ஏண்டி," என்று ஆரம்பித்தார். "ஒரு வார்த்தை எங்கிட்ட சொன்னா என்னவாம்?" பிறகு நிறுத்தவே இல்லை. முழங்கால் சிராய்ப்பிலிருந்து கட்டாத தொட்டில் வரை ஒன்று விடாமல் சொல்லித் திட்டினார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.